பேட்மிண்டனில் இரட்டையர் ஆட்டமே தொழில் என்று இறங்குபவர்களுக்கு

“சிங்கிள்ஸில் முதல் சுற்றைத் தாண்ட மாட்டேன் என்கிறான் மேடம். பேசாமல் டபுள்ஸில் போட்டுவிடலாமா?” என்று கேட்டுக்கொண்டு வரும் அப்பாக்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: தாராளமாகப் போடலாம், அங்கேயும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வருவான். ஒற்றையரில் தேறாதவர்களைத் தள்ளிவிடும் இடம் இரட்டையர் என்ற நினைப்பு நம் ஊரில் வெகுகாலம் ஓடிவிட்டது. 2011இல் லண்டனில் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கி வந்த பிறகும் அது மாறவில்லை. 2023 அக்டோபரில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் அசைந்திருக்கிறது.

நான் மதுரைக்காரி. பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. மாலையில் ஜோடிகளுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறேன், தனியாக வருபவர்களைச் சேர்ப்பதில்லை. மாநில அணிக்காகத் தேசியப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன், இந்திய அணியின் சட்டையைப் போட்டதில்லை. ஆகவே ஒலிம்பிக் பதக்கம் வாங்குவது எப்படி என்று என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பதினைந்து வயதில் இந்தத் தொழிலை நினைக்கத் தொடங்கும் ஒரு பிள்ளை முதல் பத்து ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பதைச் சொல்ல முடியும்.

எப்போது முடிவு செய்வது

பதினான்கு வயது வரை இரண்டையும் ஆடட்டும். ஒற்றையர் ஆட்டம் கால்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை வேறு எதுவும் கொடுக்காது. பதினைந்து, பதினாறில் முடிவெடுக்க வேண்டும். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவு முடிந்த பிறகு இரட்டையருக்கு வருபவர்கள், அதற்குள் நான்கைந்து ஆண்டு ஒரே ஜோடியாக ஆடியவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு இது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க நான் பெரிதாகச் சோதனை எதுவும் வைப்பதில்லை. அரைக் கோர்ட்டில் இரண்டு பேரை நிறுத்தி, நெட்டுக்கு ஒட்டியபடி டிரைவ், அதாவது தட்டையாகப் பாயும் வேக அடி, மட்டும் அடிக்கச் சொல்வேன். கை வேகமாக இருப்பவன் ராக்கெட்டை மார்புக்கு முன்னாலேயே வைத்திருப்பான். மற்றவன் ஒவ்வொரு அடிக்கும் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திரும்பி வருவான், மூன்றாவது அடியில் பிந்திவிடுவான். இது பழக்கத்தில் திருந்தும். திருந்தாதது ஒன்று உண்டு: தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்காரும் குணம். ஒற்றையரில் அந்தக் குணத்தோடு பெரிய ஆளாக வந்தவர்கள் இருக்கிறார்கள். இரட்டையரில் அது இன்னொருவருடைய பிழைப்பையும் கெடுக்கும்.

வாய்ப்பு குறைவு என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பையில் ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம், அதில் இரண்டு இரட்டையர். ஆண்களும் பெண்களும் சேர்ந்த அணிகளுக்கான சுதிர்மான் கோப்பையில் ஐந்தில் மூன்று இரட்டையர். 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தியா தாமஸ் கோப்பையை வென்ற இறுதிப் போட்டியில் இரண்டாவது ஆட்டம்தான் இந்தோனேசியாவின் கழுத்தைப் பிடித்தது. முதல் செட்டை 18-21 என்று இழந்து, இரண்டாவதில் தோல்வியின் விளிம்பிலிருந்து 23-21 என்று மீண்டு, மூன்றாவதை 21-19 என்று சாத்விக்கும் சிராக்கும் எடுத்தார்கள். எதிரே நின்றவர்கள் முகமது அசானும் கெவின் சஞ்சயாவும். அந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன், ஸ்மாஷுக்காக அல்ல, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் அவர்கள் இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதற்காக.

ஜோடிதான் முதல்

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். இரட்டையரில் தரவரிசை ஆளுக்கு இல்லை, ஜோடிக்கு. கடந்த 52 வாரங்களில் அந்த ஜோடி ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் தருகிறார்கள். பார்ட்னரை மாற்றினால் புதிய ஜோடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே நீங்கள் நாள்தோறும் சேர்த்துவைக்கும் சொத்தில் பாதி இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அந்த இன்னொருவர் முழங்காலை முறித்துக்கொண்டால், படிப்பு முக்கியம் என்று போய்விட்டால், வேறு அகாடமியில் இடம் கிடைத்து ஊரைவிட்டுப் போனால், உங்கள் சொத்தும் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர்கள் குறைவு.

நல்ல நண்பன், ஒரே தெரு, ஒரே பள்ளி என்பதெல்லாம் ஜோடி சேரக் காரணம் ஆகாது. ஒருவர் முன்களத்தில் நெட் அருகே கண் வைத்து ஆட்டத்தை அமைப்பார், மற்றவர் பின்களத்திலிருந்து அடிப்பார் என்பது பழைய பாகுபாடு. இப்போது இருவரும் இரண்டும் செய்ய வேண்டும், ஆனாலும் யாருக்கு எது இயல்பு என்பது மாறாது. மலேசியாவின் கிள்ளானில் பிறந்த தமிழ்ப் பெண் தீனா முரளிதரனும் பேர்லி டானும் ஆடுவதைப் பாருங்கள். பேர்லியின் ஸ்மாஷ் உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஸ்மாஷுக்கு ஏற்றபடி ஷட்டிலைத் தூக்கவைக்கும் வேலை தீனாவுடையது, அதைத் தலைப்புச் செய்தியில் யாரும் போடுவதில்லை. 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. பதக்கமில்லாமல் நான்காவதாக முடித்து வந்த ஜோடி அடுத்த ஆண்டே அதே பாரிஸில் உலக இறுதிப் போட்டி ஆடியது என்றால், இடையில் பிரிந்துவிடாமல் இருந்ததுதான் காரணம் என்பது என் கருத்து.

சாத்விக்-சிராக் கதை இதற்கு நேர்மாறு. இருவருமே பின்களத்தில் நின்று அடிக்கும் பையன்கள். ஒருவர் ஆந்திராவின் அமலாபுரம், மற்றவர் மும்பை. மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹர் இவர்களைச் சேர்த்தபோது, இரண்டு பேரும் பின்னாலேயே நின்றால் முன்னால் யார் என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது. சிராக் முன்னால் வரக் கற்றுக்கொண்டார். பொருத்தம் கோர்ட்டில் உழைத்து உண்டாக்கப்பட்டது. உங்கள் பயிற்சியாளர் நீங்கள் நினைத்துப் பார்க்காத ஒருவரோடு உங்களைச் சேர்த்தால், ஆறு மாதமாவது ஆடிப் பார்த்துவிட்டு முணுமுணுங்கள்.

இடது கைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். இடது-வலது ஜோடிக்கு நடுக்கோர்ட்டில் இருவரின் ஃபோர்ஹேண்டும் வரும்படி நிற்க முடியும்; எதிராளி ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் அடிக்க வேண்டும். சீனாவின் ஃபூ ஹைஃபெங் இடது கைக்காரர். அவரும் காய் யுன்னும் எதிராளிகளைப் பல ஆண்டுகள் திணறடித்தார்கள்.

இனி, யாரும் பேச விரும்பாத பகுதி. ஜோடி சேரும் நாளிலேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். பயிற்சி ஷட்டில் செலவு யாருக்கு எவ்வளவு. வெளியூர் போகும்போது அறை வாடகை, பயிற்சியாளரை அழைத்துப் போனால் அவருடைய டிக்கெட். பரிசுப் பணம் சரிபாதியா. ஒருவருக்குக் காயம் என்றால் மற்றவர் எத்தனை வாரம் காத்திருப்பார், அதற்குள் வேறு ஒருவரோடு ஆடலாமா. ஒருவருக்கு மட்டும் ஸ்பான்சர் கிடைத்தால் என்ன. “என்ன அக்கா, கல்யாணப் பத்திரம் மாதிரி எழுதச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு பையன் சிரித்தான். கல்யாணத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் பணத் தகராறு வராது என்றேன். அவனுடைய அம்மா சிரிக்காமல் எழுதினார்.

பிரிவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. சீனாவின் ஜெங் சிவெய், சென் சிங்சென்னோடு கலப்பு இரட்டையரில் உலகின் முதல் ஜோடியாக இருந்தவர். 2017 இறுதியில் ஹுவாங் யாசியோங்கோடு சேர்ந்தார். சென் சிங்சென் மகளிர் இரட்டையரில் ஜியா யிஃபானோடு முழுக் கவனத்தையும் வைத்தார். 2024 பாரிஸில் ஜெங்கும் ஹுவாங்கும் கலப்பு இரட்டையர் தங்கம், சென்னும் ஜியாவும் மகளிர் இரட்டையர் தங்கம். இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியாவான் 2007இல் மார்கிஸ் கீடோவோடு உலக சாம்பியன், மறு ஆண்டு அவரோடே ஒலிம்பிக் தங்கம். பிறகு அசானோடு 2013, 2015, 2019 என மூன்று முறை உலக சாம்பியன். 2025 ஜனவரியில் நாற்பது வயதில்தான் ஓய்வு பெற்றார். பிரிவு கெட்டதல்ல, பிரியும் விதம்தான் கெடுக்கிறது. பருவத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதலில் பார்ட்னரிடம் சொல்லுங்கள், பிறகு பயிற்சியாளரிடம், அதற்கும் பிறகு சங்கத்திடம். இந்த வரிசை தலைகீழானால், அடுத்த பார்ட்னரும் உங்களை நம்ப யோசிப்பார். இரட்டையர் உலகம் மிகச் சின்னது, செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

சர்வீஸ், நடுக்கோர்ட், கண்

ஆட்ட நுணுக்கம் முழுவதையும் எழுத்தில் கற்றுத்தர முடியாது. ஆனால் மூன்று விஷயங்களை எந்தப் பயிற்சியாளரும் இரட்டையருக்கென்று தனியாகச் சொல்லித்தராமல் விடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஒன்று சர்வீஸ். இரட்டையர் சர்வீஸ் கட்டம் ஒற்றையரைவிட அகலம் கூடியது, நீளம் குறைந்தது, பின்கோட்டுக்கு 0.76 மீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும். உயரத் தூக்கிப் போட்டால் எதிராளி ஓரடி பின்னால் வைத்து அடித்துவிடுவார். ஆகவே குட்டை சர்வீஸ்தான் சோறு போடும். நெட்டிலிருந்து 1.98 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டைத் தொட்டு விழ வேண்டும், நெட்டின் மேல் பட்டையை உரசுகிறதோ என்று தோன்றும் உயரத்தில் போக வேண்டும், அதே நேரம் அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். நான் செய்வது இது: நெட் கம்பங்கள் இரண்டிலும் ஒரு குச்சியைக் கட்டி, நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சணல் கயிறு இழுத்துக் கட்டுவேன். ஷட்டில் கயிற்றுக்கும் நெட்டுக்கும் நடுவில் போக வேண்டும். முதல் வாரம் கயிறு ஆடிக்கொண்டே இருக்கும். பேக்ஹேண்டில், கட்டைவிரல் பிடியின் தட்டையான பக்கத்தில், முழங்கை அசையாமல், மணிக்கட்டும் அடிக்காமல் வெறுமனே தள்ள வேண்டும். நாள் ஒன்றுக்கு நூறு. பயிற்சி தொடங்கும்போது ஐம்பது, மூச்சு வாங்கி வியர்வை சொட்டும் கடைசி நேரத்தில் ஐம்பது. ஆட்டத்தில் 19-19இல் சர்வீஸ் போடும்போது கை அந்த இரண்டாவது ஐம்பதின் நிலையில்தான் இருக்கும். ஷட்டிலைச் சுழற்றிவிடும் சர்வீஸைப் படக்காட்சியில் பார்த்துவிட்டுப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு 2023இலேயே அதைத் தடைசெய்துவிட்டது.

இரண்டு, நடுவில் விழும் ஷட்டில். ஒரு மாநிலப் போட்டியில் என் பெண்கள் இருவர் மூன்றாவது செட்டில் 18-18. எதிராளி நடுவில் ஸ்மாஷ் அடித்தாள். இரண்டு ராக்கெட்டும் கிளம்பின, இரண்டும் நின்றன, ஷட்டில் நடுக்கோட்டில் விழுந்தது. சின்னவள் பெரியவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பெரியவள் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து ஷூவின் அடிப்பாகத்தைக் கையால் துடைத்தாள். எதிராளியின் அடுத்த சர்வீஸைத் திருப்பும்போது அவள் ஷட்டிலை நெட்டில் போட்டாள். அந்த ஒரு பார்வைக்கு இரண்டு புள்ளி. வெளியே வந்ததும் கேட்டேன். “அவள் எடுப்பாள் என்று நினைத்தேன் அக்கா.” இருவருடைய பதிலும் இதுவே.

நினைக்க விடக்கூடாது. தற்காப்பில் பக்கவாட்டில் நிற்கும்போது, அடிப்பவருக்கு நேர் எதிரே இருப்பவர் கோட்டோரத்தைக் காக்க வேண்டும். குறுக்கே இருப்பவர் நடுவை எடுக்க வேண்டும், அவருக்குத்தான் நேரம் கூடுதல். என் ஜோடிகளுக்கு இதுதான் சட்டம். உங்கள் பயிற்சியாளர் வேறு சட்டம் வைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் ஒரே சட்டத்தில் இருந்தால் போதும். புள்ளி போன பிறகு பார்ட்னரின் முகத்தைப் பார்க்கக்கூடாது. கையைத் தட்டிவிட்டு அடுத்த சர்வீஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச வேண்டும். “குட்டையா?” “ஓரத்தில்.” அவ்வளவுதான்.

மூன்றாவது, கண். முன்களத்தில் நிற்பவர், பின்னால் பார்ட்னர் என்ன அடிக்கிறார் என்று ஒருபோதும் திரும்பிப் பார்க்கக்கூடாது. இரட்டையரில் கண்ணில் அடிபடுவது பெரும்பாலும் நெட் அருகே நடக்கிறது, அதில் சொந்தப் பார்ட்னர் அடித்த ஷட்டிலும் உண்டு. ராக்கெட்டை முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து எதிராளியையே பாருங்கள். பின்னால் என்ன நடக்கிறது என்பதை எதிராளியின் கால்கள் சொல்லிவிடும். சிறு பிள்ளைகளுக்குக் கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கிக் கொடுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ராக்கெட் விஷயத்தில் நான் கடையில் பேசும் பேச்சை நம்புவதில்லை. ஒரே மாதிரி மூன்று ராக்கெட், ஒரே இழுவையில் நரம்பு கட்டியது, அது போதும். வளரும் வயதில் 24, 25 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் முப்பது பவுண்டில் கட்டுகிறார் என்றால் அவர் தோள் வேறு. நரம்பு ஒன்று அறுந்தால் உடனே கத்தரியை எடுத்து, நடுவிலிருந்து தொடங்கி மற்றவற்றையும் அறுத்துவிடுங்கள். அப்படியே பைக்குள் போட்டால் இழுவை ஒரு பக்கமாகப் போய் ஃபிரேம் கோணிவிடும்.

போட்டி ஏணி

மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாவட்டச் சங்கத்தில் பதிவு, அதன் வழியாகத் தமிழ்நாடு பேட்மிண்டன் சங்கம், பிறகு இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் அடையாள எண். பிறப்புச் சான்றிதழில் சிக்கல் இருந்தால் பத்து வயதிலேயே சரிசெய்துவிடுங்கள். வயது மோசடியைத் தடுக்க இப்போது கடுமையாகப் பார்க்கிறார்கள், உண்மையான பிள்ளையும் தாமதமாகப் பதிவான சான்றிதழால் மாட்டிக்கொள்கிறது. அகில இந்தியத் தரவரிசைப் போட்டிகளில் வேறு மாநிலத்தவரோடு ஜோடி சேரலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் மாவட்டத்தில் சரியான பார்ட்னர் இல்லையென்றால் பாலக்காட்டிலோ பெங்களூருவிலோ இருக்கலாம். ஆனால் சேர்ந்து பயிற்சி செய்ய மாதத்தில் ஒரு வாரமாவது ஒரே ஊரில் இருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். போட்டிக்கு முதல் நாள் ரயிலடியில் சந்தித்துக்கொள்ளும் ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களை இரண்டாவது நாள் பார்த்ததில்லை.

வெளிநாட்டுப் போட்டிகள் இன்னொரு ஏணி. அடியில் ஃபியூச்சர் சீரிஸ், அதற்கு மேல் இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச். பிறகு உலகச் சுற்று: சூப்பர் 100, 300, 500, 750, 1000. வெற்றி பெறும் ஜோடிக்கு ஃபியூச்சர் சீரிஸில் 1,700 புள்ளி, இன்டர்நேஷனல் சேலஞ்சில் 4,000, சூப்பர் 1000இல் 12,000. அங்கே நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது. இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் வழியாகத்தான் பெயர் போகும், கடைசித் தேதியும் போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். முதலில் நம் நாட்டிலேயே நடப்பவற்றைக் குறிவையுங்கள். குவாஹாட்டியிலும் கட்டாக்கிலும் சூப்பர் 100 நடந்திருக்கிறது, லக்னோவில் சையத் மோடி சூப்பர் 300 நடக்கிறது. விசா, விமானச் செலவு இல்லாமல் உலகப் புள்ளி கிடைக்கும் இடங்கள் இவை.

ஒவ்வொரு செட்டும் கணக்கில் வரும் என்பதையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சாத்விக்கும் சிராக்கும் பிரிவு ஆட்டங்கள் மூன்றில் இரண்டை வென்றார்கள். அவர்களிடம் தோற்ற தைவான் ஜோடி லீ யாங்-வாங் சிலின் பிறகு தங்கமே வாங்கியது. மூன்று ஜோடிகளுக்கும் இரண்டிரண்டு வெற்றி என்று சமமாகி, செட் வித்தியாசத்தில் நம் பையன்கள் வெளியேறினார்கள். “இந்த செட் போகட்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்” என்று பேசுபவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எங்கே பயிற்சி செய்வது? ஊரில் நான்கு நல்ல ஜோடிகள் சேர்ந்தால் பதினேழு வயது வரை ஊரே போதும். அதற்கு மேல் உங்களை அடிக்கும் ஜோடி தினமும் எதிரே நிற்க வேண்டும். ஹைதராபாத், பெங்களூரு அகாடமிகள் பழையவை. குவாஹாட்டியில் 2023இல் தேசியத் திறன் மையம் தொடங்கியபோது இரட்டையருக்கென்று ரஷ்யாவின் இவான் சோசனோவைக் கொண்டுவந்தார்கள், 2016 ஆல் இங்கிலாந்து இரட்டையர் சாம்பியன் அவர். அகாடமியில் சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரட்டையருக்கென்று தனிப் பயிற்சியாளர், தனி நேரம் உண்டா? “கடைசி அரைமணி நேரம் டபுள்ஸ் ஆடவிடுவோம்” என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பணம்

கேட்கக் கசக்கும். உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசில் 7.5 சதவீதம், இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.9 சதவீதம். மொத்தப் பரிசு 1,00,000 டாலர் உள்ள ஒரு சூப்பர் 100 போட்டியை எடுத்துக்கொண்டால், ஒற்றையர் சாம்பியன் 7,500 டாலரோடு வீட்டுக்குப் போவார். இரட்டையரில் 7,900 டாலரை இருவர் பிரித்துக்கொண்டு ஆளுக்கு 3,950. வரிப் பிடித்தம் வேறு. விமானச் சீட்டை மட்டும் இருவரும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். அதுவும் சாம்பியனுக்கு, முதல் சுற்றில் தோற்பவருக்கு மிஞ்சுவது அனுபவம். உச்சியில் இருப்பவர்களுக்கும் சுமை உண்டு. உலகின் முதல் பத்து ஜோடிகள் சூப்பர் 1000, 750 போட்டிகள் எல்லாவற்றிலும் ஆடியாக வேண்டும், தக்க காரணமில்லாமல் விட்டால் அபராதம்.

ஆகவே பரிசுப் பணத்தை நம்பி யாரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. சம்பளம் தரும் வேலை ஒன்று, ராக்கெட் நிறுவனத்தின் பொருளுதவி, மாநில அரசின் ஊக்கத்தொகை, கிளப் அணிகளுக்காக ஆடிக் கிடைப்பது, நான்கும் சேர்ந்தால்தான் அடுப்பெரியும். இறகு ஷட்டில் விலை இரண்டு மூன்று ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. நான்கு பேர் அடிக்கும் ஆட்டத்தில் ஷட்டில் இன்னும் சீக்கிரம் சிதையும். இறகு ஒன்றிரண்டு ஒடிந்தவற்றை எறியாமல் பெட்டியில் சேர்த்து வைத்தால், கூடையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டில் எறிந்து அடிக்கவைக்கும் பயிற்சிக்கு அவையே போதும்.

உடம்பு

தோள், முழங்காலின் முன் தசைநார், கணுக்கால், இடுப்பு. இரட்டையர் ஆட்டக்காரர் பிசியோவிடம் போவது இந்த நான்கிற்காகத்தான். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி, இவற்றில் சமரசம் வேண்டாம். மருந்து விஷயத்தில் அம்மாக்கள் கவனமாக இருக்க வேண்டும். சளி, மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். போட்டி நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர் இன்னும் ஆபத்து. எந்த மாத்திரையாக இருந்தாலும் மருத்துவரிடம், “போட்டி ஆடுகிறாள்” என்று முதலில் சொல்லிவிட்டு எழுதி வாங்குங்கள்.

சான்றிதழும் வேலையும்

நம் வீடுகளில் கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும், அதில் தப்பில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரித் துறை, எண்ணெய் நிறுவனங்கள் பேட்மிண்டன் ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. அவற்றுக்கிடையே அணிப் போட்டிகள் நடப்பதால் நல்ல ஜோடிக்கு அங்கே மதிப்பு உண்டு. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு.

எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதுதான் கேள்வி. மத்திய அரசு வேலைக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு: இந்தியாவுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக அனைத்துப் பல்கலைக்கழகப் போட்டி ஆடினால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4. தனியார் நடத்தும் ஓபன் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வரவேற்பறைக்கு அழகு. விண்ணப்பத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே கல்லூரியில் சேர்ந்த பிறகு பல்கலைக்கழக அணியைத் தவிர்த்துவிட்டு ரொக்கப் பரிசு ஓபன்களுக்கு ஓடுவதை நான் அனுமதிப்பதில்லை. ஜோடியில் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் சேர முடிந்தால் இன்னும் நல்லது, நான்கு ஆண்டுக்குப் பிரிய வேண்டியதில்லை.

முப்பதுக்குப் பிறகு பயிற்சியாளராக நினைப்பவர்கள் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பை இருபத்தைந்திலேயே யோசிக்கலாம். அங்கே சேரவும் ஆடிய சான்றிதழைத்தான் கேட்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயரின் எழுத்து, பிறந்த தேதி, போட்டி நடந்த தேதி, செயலாளர் கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் சரிபாருங்கள். மூன்று நகல் எடுத்து, ஒன்றை பார்ட்னர் வீட்டிலும் வைத்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். சரிபார்ப்புக்கு அனுப்பும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த இடம் வேண்டும்.